நன்மரணமும் மேய்ப்பர் கடமையும்

நன்மரண பாக்கியம் வேண்டிப் பாட்டிமார் மாலைதோறும் செபிக்கக் கேளாத கத்தோலிக்க இல்லம் சாந்தோமில் அரிது. கருணைக்கொலையைக் குறிக்க மேனாட்டார் வழங்கும் 'யூதனேசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் நன்மரணம் என்பதே பொருள். சொற்பொருள் ஒன்றாயினும் கருத்து வேறு. முன்னது, இறைவன் அழைக்கும் வேளைக்கு ஆயத்தமாதல். பின்னது, அவ்வேளையை மனிதனே குறித்துக்கொள்ளுதல். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதொரு நிலையும் உண்டு. அதனை நம் மேய்ப்பர்கள் மக்கள் மனத்திற் பதியுமாறு போதிக்கவில்லை என்பதே எமது முறையீடு.

தீவிர சிகிச்சைப் பகுதியின் வாயிலில் நிற்கும் ஒரு மகனை எண்ணிப் பாருங்கள். தந்தை எண்பது கடந்தவர். பிழைக்கும் வழியில்லையென வைத்தியர் கைவிரித்துவிட்டார். மூச்சுக்கருவியை நீக்க இசைந்தால், கொலை செய்யாதே என்னும் கற்பனையை மீறிய பாவம் சூழுமோ என்று மகன் அஞ்சுகிறான். மனைவியின் நகையை அடகு வைத்துக் கருவியை ஓடச் செய்கிறான். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இத்தகைய அச்சம் புதியதன்று.

அவ்வச்சத்தைத் திருச்சபை அவன்மேற் சுமத்தவில்லை. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வதே கடமை, தாங்கொணாச் சுமையாகும் அசாதாரண வழிகள் கட்டாயமல்ல என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ஆம் ஆண்டிலேயே வைத்தியர்களுக்கு விளக்கினார். கருணைக்கொலையை வன்மையாகக் கண்டித்த இரண்டாம் அருள் சின்னப்பரும் 1995-ஆம் ஆண்டு நிருபத்தில் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். 2005-இல் தம் இறுதி நாட்களில் அவர் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லாது, வத்திக்கானில் தம் அறையிலேயே உயிர் நீத்தார்.

நிற்க. 2018 மார்ச்சு 9-இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மீளவியலா நோயாளிக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தவும், அதுபற்றி முன்கூட்டியே எழுதிவைக்கவும் இடமளித்தது. 2023-இல் அதன் நடைமுறைகளை எளிதாக்கியது. 2018-இல் இந்தியத் திருச்சபையின் சார்பில் எதிர்ப்புரை எழுந்தது. முதியோரைப் பாரமெனக் கருதும் உறவினர் இச்சட்டத்தைத் தவறாகக் கையாளக்கூடும் என்னும் கவலை நியாயமானதே. குழாய் வழியே ஊட்டினும் உணவும் நீரும் பொதுவாக இயல்பான பராமரிப்பே என 2004-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் கூறியதும் மறக்கற்பாலதன்று. சட்டமும் சமயமும் இவ்விடத்திற் பிணங்கக்கூடும். ஆயினும், கண்டனம் மட்டும் மக்கள் செவியை எட்டி, விளக்கம் எட்டாதொழியின், வாயிலில் நிற்கும் அம்மகனுக்கு யாது பயன்?

நோவைத் தணித்தலும் அறமே. தணிக்கும் மருந்தால் ஆயுள் குறையக்கூடுமெனினும், சாவை நாடாது நோவு நீக்கவே அதனை அளித்தல் தகும் என்பதும் 1957-இன் போதனையே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்திற்கு உற்றாரை அழைத்துச் சென்றோர், நோவின் கொடுமையை நன்கறிவர்.

ஆதலின், மேற்றிராணிமாரும் குருக்களும் இப்போதனையை எளிய தமிழில், ஞாயிறு பிரசங்கத்தில், நோய் வருமுன்னரே எடுத்துரைத்தல் வேண்டும். அவஸ்தைப்பூசுதல் அளிக்க வரும் குருவானவர் அம்மகனிடம், "தந்தையை நீ கொல்லவில்லை, இறைவன் கையில் ஒப்படைக்கிறாய்" என்று கூறுவாராயின், அச்சொல் இருவருக்கும் அமைதி தரும். கல்லூரியில் மருத்துவமும் சட்டமும் நாடும் மாணவ நண்பர்களே, நாளை அவ்வாயிலின் உட்புறம் நிற்கப்போகிறவர்கள் நீங்கள். இவ்வேறுபாட்டை இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.