தூண்டிலுக்கு ஆயிரங்கள், உயிருக்கு ஒன்றுமில்லை

அண்மையில் ஒரு காலைப் பொழுது. நிலாவெளிக் கரையில் மீன்பிடிக்கப் புறப்படுவதற்காக ஒரு குடும்பம் காத்திருந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். தகப்பன், பதின்ம வயது மகன்மார் இருவர், ஊர் உறவினர் மூவர், படகோட்டி. ஐந்து பேருக்குப் போதுமான படகில் ஏழு பேர். பையன்களின் கைகளில் இருந்த தூண்டில் கோல்களின் விலையைக் கேட்டறிந்தபோது எனக்குத் தலை சுற்றியது. செயற்கை இரைகளுக்கென்றே தனிப்பெட்டி. ஆனால் படகில் ஒருவர் உடம்பிலும் உயிர்காப்பு அங்கி இல்லை.

“பிள்ளையளுக்கு ஜக்கெற் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டேன்.

“அண்ணை, இது எங்கட ஊர்க் கடல்தானே” என்றார் தகப்பன், சிரித்தபடி.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

ஒன்ராறியோவின் ஏரிகளில் “பாஸ்” என்னும் மீனைப் பிடித்துப் பழகியவர்கள் அந்தப் பையன்கள். கனடாவில் படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் அதே மீனை வைத்து ரே ஸ்கொட் என்பவர் 1968இல் தூண்டிற்காரர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடவேண்டும் என்ற வழக்கத்தை 1972 முதல் போட்டிகளில் பரப்பியது அந்தச் சங்கம். அதன் போட்டிகளில் இயந்திரம் ஓடும்போது அங்கி அணியாதவனுக்கு இடமில்லை. இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றையும் படகோட்டி தன் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும். அவன் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து, விழுந்தவனையே சுழலியால் வெட்டும் கொடுமை அதனால் தடுக்கப்படுகிறது. சிறு படகுகளில் இக்கயிற்றை மாட்டுவதை 2021 ஏப்பிரல் முதல் அமெரிக்க நடுவண் அரசு சட்டமாகவே ஆக்கிவிட்டது.

அலையற்ற ஏரிக்கு இத்தனை காவல். வங்கக்கடலுக்கு “எங்கட ஊர்க் கடல்தானே” என்ற ஒரு வாக்கியம் மட்டும்!

தூண்டிற்காரனை நான் இழிவுபடுத்துவதாக யாரும் எண்ணவேண்டாம். நானும் அந்தச் சாதிதான். செய்தி அறையில் கழிந்த இரவுகளின் களைப்பை நான் தீர்த்துக்கொண்டது கொட்டியாரக்குடாவின் ஓரங்களிலும் தம்பலகாமக் குடாவின் கண்டல் மரங்களின் நிழலிலுமே. அங்கே எங்கள் அரசன் கொடுவா. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இடத்தில், கண்டல் வேர்களுக்குள் அசையாமல் ஒளிந்திருப்பான். நம் பகுதியில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் அந்தச் சிறு நீரோட்டம் திரும்பும் வேளையில் இறாலும் சிறு மீனும் வாய்க்காலில் இழுபட்டு வரும். அப்போது அவன் வாய் திறப்பான். உயிருள்ள இறாலைக் கொளுவி, ஈயம் குறைத்து, நீரோட்டத்தோடு வேர்களின் ஓரமாக விடவேண்டும். கௌவியதும் துள்ளித் தலையை உதறுவான். செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது, தங்கூசியை அறுத்துவிடும். ஆகவே நுனியில் தடித்த தங்கூசி வேண்டும். இன்னொன்று: கொடுவா இளமையில் ஆண், பெருத்தபின் பெண். மிகப் பெரிய மீனைக் கொன்று படம் எடுப்பவன் பெரும்பாலும் ஒரு தாயைக் கொல்கிறான். அதை விட்டுவிடுவதே தூண்டிற்காரனுக்கு அழகு.

இவ்வளவு நுட்பத்தைக் கற்றுக்கொள்ளத் தெரிந்த நமக்கு ஓர் அங்கியின் வார்ப்பூட்டை மாட்டத் தெரியவில்லை.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வர் கொட்டியாரக்குடாவுக்குள் போனோம். அங்கி இருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேட்டேன். “இருக்கு ஐயா” என்றார். இருந்தது, முன்பக்கப் பெட்டிக்குள். பெட்டியின் மேல் நங்கூரம், நங்கூரத்தின் மேல் கயிற்றுக் குவியல். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வெயில், வெட்கம், கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். ஒரு பாரை தூண்டிலில் சிக்கியது. பிடித்த நண்பர் எழுந்து நின்றார். பார்க்கும் ஆவலில் மற்றவர்களும் அதே பக்கம் சாய்ந்தோம். பக்கவாட்டில் ஒரு அலை. நண்பர் நீருக்குள். அவர் பாடசாலைக் காலத்தில் நீச்சலில் பரிசு பெற்றவர். ஆனால் விழும்போது படகின் விளிம்பில் நெற்றி அடிபட்டிருந்தது. மயங்கியவனுக்கு நீச்சல் தெரியுமா? நாங்கள் அவரைப் பிடித்து ஏற்றும்வரை அந்த அங்கிகள் பெட்டிக்குள் பத்திரமாகவே இருந்தன. அவர் பிழைத்தார். நாங்கள் ஊரில் அதை ஒரு வீரக்கதையாகச் சொல்லித் திரிந்தோம். இன்று நினைத்தால் நாணுகிறேன்.

“எனக்கு நீந்தத் தெரியும்” என்பவருக்கு இதுவே என் பதில். அமெரிக்கக் கடலோரக் காவற்படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கும் இதையே சொல்கிறது. அங்கே உல்லாசப் படகு விபத்துகளில் இறப்பவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் நீரில் மூழ்கியே இறக்கிறார்கள். அப்படி மூழ்கியவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள்.

அடுத்த வாதம் தொழிலாளியுடையது. வலை இழுக்கும்போது அங்கி தடுக்கிறது, வேர்க்கிறது, விலை கட்டாது என்கிறார் அவர். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். போர்க்காலத்தில் பாஸ் கேட்டு, நேரம் கேட்டு, இயந்திரத்தின் குதிரைவலுவைக்கூடக் கட்டுப்படுத்தி, அவரை ஆண்டுக்கணக்கில் கரையில் நிறுத்தினார்கள். 2004 டிசம்பர் 26 அவருடைய படகையும் வலையையும் பல இடங்களில் குடும்பத்தையும் கொண்டுபோயிற்று. அவரிடம் போய் அங்கி வாங்கு என்று அதட்டும் உரிமை எனக்கில்லை. அரசும் தொண்டு நிறுவனங்களும், வேலைக்கு இடைஞ்சல் செய்யாத அங்கியை மானிய விலையில் கொடுக்கவேண்டும். ஆனால் அதே படகு வாடகைக்கு ஆட்களை ஏற்றும்போது கதை வேறு. அப்போது அவர் பிறர் உயிருக்குப் பொறுப்பாளி. புறாத்தீவுக்குப் போகும் வெள்ளைக்காரருக்குப் பல படகுகளில் அங்கி கொடுக்கிறார்கள். ஆகவே முடியாதது ஒன்றுமில்லை. நம்மவர் தூண்டிலோடு ஏறும்போது மட்டும் அது ஏன் மறைகிறது? வெள்ளைக்காரன் கேட்கிறான். நாம் கேட்பதில்லை. அவ்வளவுதான்.

கேளாமையின் விலையைக் கிண்ணியா கொடுத்தது. 2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் பணி நடந்ததால் மக்கள் இழுவைப் படகுப் பாதையில் களப்பைக் கடந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அவர்களுள் பள்ளிச் சிறுவர்களும் இருந்தார்கள். அதன்பின் ஊர் கொதித்தது, கைதுகள் நடந்தன, அறிக்கைகள் வந்தன. ஆழ்கடலுமல்ல, புயலுமல்ல. நம் ஊர்க் களப்பு, நாளாந்தம் கடந்த நீர். “எங்கட கடல்தானே” என்பவர் அந்தத் தாய்மாரிடம் போய் அதைச் சொல்லட்டும்.

எங்கள் தொழிலையும் விடமாட்டேன். படகு கவிழ்ந்தால் செய்தி. கவிழுமுன் செய்தியே இல்லை. எத்தனை முறை அளவுக்கு மீறி ஆளேற்றிய படகுகளைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன்! ஒரு பத்தி எழுதினேனா? மூழ்கியபின் முதற்பக்கம் கொடுத்தோம். மூன்றாம் நாள் மறந்தோம்.

கேட்பது பெரிதல்ல. அங்கி பெட்டிக்குள் அல்ல, உடம்பில் இருக்கவேண்டும். வாடகைப் படகு ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் ஏறலாம் என்று பெரிய எழுத்தில் எழுதவேண்டும். மீன்பிடித் திணைக்களம் விபத்துக்குப் பின்பு அல்ல, விடுமுறைக்கு முன்பு கரைக்கு வரவேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். படகில் நின்று தூண்டில் வீசக்கூடாது. வாடை எழும் கார்த்திகை, மார்கழியில் வானிலை அறிக்கை கேளாமல் குடாவைத் தாண்டக்கூடாது. இந்தத் துறைமுகத்தின் வாசலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் படகைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே தண்டத்துக்குப் பயந்து அணிகிறீர்கள். இங்கே தண்டமில்லை என்பதற்காகக் கழற்றுகிறீர்கள். அப்படியானால் நீங்கள் பயந்தது சட்டத்துக்கே அன்றிப் பிள்ளையின் உயிருக்கல்ல. அடுத்த முறை பெட்டி கட்டும்போது செயற்கை இரைகளில் நான்கைக் குறைத்து, அந்த இடத்தில் ஓர் அங்கியை வையுங்கள். திரும்பும்போது அதை அந்தப் படகுக்காரரிடமே விட்டுவிட்டுப் போங்கள்.

அன்று நிலாவெளியில் அந்தப் படகு போய்விட்டது. அது திரும்பும்வரை நான் கரையில் இருந்தேன். நண்பகலில் வந்தார்கள், இரண்டு சீலாவும் ஒரு கட்டாவும் கையில். இளைய பையன் மீனைத் தூக்கிக் காட்டினான். எனக்கு மீன் கண்ணில் படவில்லை. ஏழு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.