பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்பவர்களுக்கு

துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும்போது 'பல்லைக் கடித்துக்கொண்டு இரு' என்கிறோம். மொழியியல் வகுப்பில் இதை மரபுத்தொடர் என்று கற்றேன். சென்ற ஆண்டு என் கடைவாய்ப்பல்லில் விரிசலைக் கண்ட மருத்துவர், "உறக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள். இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள்?" என்று வினவினார். மரபுத்தொடர் நேர்ப்பொருளுக்குத் திரும்பிவிட்டது.

உறக்கத்தில் பல் கடிப்பதற்கு மன அழுத்தம் ஒன்றே காரணமன்று. ஆயினும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. நீடித்த அழுத்தம் உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைப்பதால் ஈறு நோயும் வலுக்கிறது. இரவுப் பணி, சர்க்கரை கலந்த காப்பி, துலக்காமலே சாயும் அசதி ஆகியவை எஞ்சியதை முடித்துவைக்கின்றன.

2024 ஜூலையில் கர்நாடகத்தில் தகவல் தொழில்நுட்ப ஊழியரின் வேலைநாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் முன்மொழிவு எழுந்தது. ஊழியர் சங்கமான கிட்டு அதைக் கடுமையாக எதிர்த்தது. அவ்வளவு நேரம் உழைப்பவர் பல் மருத்துவரிடம் எப்போது செல்வார்? வலி பொறுக்க முடியாமற்போனபின்புதான். இதே மாநிலம் 2014இல் 'தந்த பாக்யா' திட்டத்தின் வழி ஏழை முதியோர்க்கு இலவசப் பல்செட் வழங்கத் தொடங்கியது. நல்ல திட்டமே. ஆனால் பல் விழுந்தபின் நீளும் கை, விழுமுன் ஏன் நீளவில்லை?

"பல் துலக்குவது அவரவர் பொறுப்பன்றோ?" என்பர். ஆம், துலக்குவது என் பொறுப்பு. உறங்குவதற்கு நேரம் விடுவது எவர் பொறுப்பு? நிறுவனங்கள் எடுக்கும் குழுக் காப்பீடுகள் பலவும் விபத்தில் நேர்ந்த காயம் தவிரப் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. சொத்தையைத் தொடக்கத்திலேயே அடைக்கச் சிறு தொகை போதும். விட்டுவைத்தால் வேர் சிகிச்சைக்கு அதைப்போலப் பன்மடங்கு. அந்த வேறுபாட்டை ஊழியரே சுமக்கிறார்.

வேண்டுவன மூன்றே: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதியத்துடன் அரைநாள் பல் பரிசோதனை விடுப்பு, காப்பீட்டில் புறநோயாளர் பல் சிகிச்சை, வேலைநேரத்துக்கு மீறமுடியாத வரம்பு. உதவித்தொகையில் காலந்தள்ளும் ஆய்வாளராகிய நமக்கும் இவை பொருந்தும்.

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. பல் இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.