கணனி மாறியது, பாமினி மாறவில்லை!

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டதல்லவா? அதன் பின்னரும் பழைய கணனியோடு காலந்தள்ளிய நான், அண்மையில்தான் விண்டோஸ் 11 உள்ள புதியதொன்றை வாங்கினேன். பழையது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லையாம். எனவே மேம்படுத்தத் தகுதியற்றதாம். உழுதுகொண்டிருக்கும் மாட்டைப் பல்லைப் பார்த்து இறைச்சிக்கடைக்கு அனுப்புகின்ற நியாயம் இது.

ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்ததெல்லாம் இரண்டு நாளில் பழகிவிட்டது. பழகாதது வேறு.

2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவர்களின் பெயர், வயது, தகப்பன் பெயர் ஆகியவற்றை, 2005 இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுவீடாகச் சென்று எழுதி வைத்திருந்தேன். அந்தக் கோப்புகளைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை! 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று நின்றது. புதிய கணனியில் பாமினி எழுத்துரு இல்லை. அவ்வளவுதான்.

எழுத்துருவை நிறுவினேன், தெரிந்தது. "பிறகென்ன பிரச்சினை சேர்?" என்று நமது பத்திரிகைத் தம்பிமார் கேட்பார்கள். கோப்பினுள் இருப்பது தமிழே அல்ல தம்பிமாரே! ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ்ப் போர்வை. ஒரு மகள் தன் உம்மாவின் பெயரைத் தமிழில் தட்டிக் கணனியில் தேடினால் அது அகப்படாது.

யுனிகோட் தமிழ் விண்டோஸ் 2000 இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் நம் செய்தி மேசைகள் பலவற்றில் பாமினிதான் ஆட்சி புரிகிறது. கேட்டால், "விரல் பழகிவிட்டது" என்பார்கள். உண்மைதான். பாமினியில் 'கெ' எழுதக் கொம்பை முதலில் அடிப்போம். தமிழ் 99 விசைப்பலகையில் ககரம் முந்த வேண்டும். ஐம்பதைத் தாண்டிய என் விரல்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு எத்தனை நாள் தேவை? அமெரிக்கக் கம்பனி நம்மைக் கைவிட்டதென்று ஆசிரியத் தலையங்கம் எழுதுகிறோம். அதையும் பாமினியில் அடிக்கிறோம்! இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. 2005 இலேயே யுனிகோட்டில் எழுதியிருக்கலாம், சோம்பல் விடவில்லை.

இப்போது இரவுகளில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றியிலிட்டால் தமிழ் வந்துவிடும். இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களையும் பாமினியென்று எண்ணி உளறலாக்கிவிடும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். சாய்ந்தமருது முடிந்துவிட்டது. மருதமுனை பாதியில் நிற்கிறது.