கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர்

மைசூருக்குக் கருத்தரங்கு என்று போய்வருகிறவர்களுக்கு பல்கலைக்கழக வளாகமான மானசகங்கோத்ரியின் மரநிழல் புதிதல்ல. 1969-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் மைசூர். அண்மையில் அந்த ஊரில் ஓர் அரங்கில் நான் தமிழில் பேச, கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒருவர் கன்னடத்திலும் ஒருவர் ஆங்கிலத்திலும் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கன்னடத்தில் சொன்னவர் நிழல்போல ஒட்டியே வந்தார். இரண்டு மொழியிலும் வினை கடைசியில்தானே வருகிறது. ஆங்கிலத்தில் சொன்ன அம்மையார் பாடுதான் பெரும்பாடு. ‘அரசு இந்தத் திட்டத்தை’ என்று தொடங்கி நான் அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போக, ஏற்றதா கைவிட்டதா என்று தெரியாமல், பென்சிலை உயர்த்தியபடி என் வாயையே பார்த்திருந்தார். அந்தப் பார்வை இன்னும் மனதை விட்டு அகலவில்லை. நாஜித் தலைவர்கள்மீது 1945-இல் தொடங்கிய நூரம்பர்க் விசாரணையில் நான்கு மொழிகளில் இப்படிப் பெயர்த்தபோது, வேகமாகப் பேசுகிறவருக்கு மஞ்சள் விளக்கு எரியும். நம் மேடைகளில் அது இல்லை. மூச்சுவிடாமல் வாசிக்கிறோம், எண்களைக் கொட்டுகிறோம், திடீரென்று ஒரு குறுந்தொகைப் பாட்டை எடுத்துவிடுகிறோம். முன்பின் பார்க்காத சங்கப் பாட்டை அந்த நொடியிலேயே இன்னொரு மொழியில் சொல்லச் சொல்வது அநியாயம். மேடையேறப் போகிறவர்களே, கட்டுரையையும் பாட்டையும் முதல்நாளே மொழிபெயர்ப்பவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பேசும்போது வாக்கியத்தைச் சுருக்கி, வினையைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.