பிளேடு பாக்கெட்டைக் கடையை விட்டு எடுக்காதீர்கள்!



சென்ற மாதம் பொதட்டூர்பேட்டை பக்கத்திலிருந்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் பள்ளிப்பட்டில் உள்ள என் கடைக்கு வந்தான். காகிதத்தில் சுற்றியிருந்த பழைய ஷேவிங் செட் ஒன்றைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். "எங்க தாத்தாவோடது ஐயா. இதுக்குப் பிளேடு கிடைக்குமா? மூணு கடையில கேட்டேன். இப்ப அதெல்லாம் வர்றதில்லைன்னு சொல்லிட்டாங்க" என்றான். எடுத்துப் பார்த்தேன். நல்ல பித்தளையில் முலாம் பூசிய செட். மரையும் தேயவில்லை. ஒரு பாக்கெட் பிளேடு கொடுத்து அனுப்பினேன்.

அந்த மூன்று கடைக்காரர்களும் என்னிடம் சரக்கு எடுப்பவர்கள்தான். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அதே தவறைச் செய்தவன்.

2009ஆம் ஆண்டு ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி என்னிடம் வந்தார். "இனிமேல் எல்லாம் கார்ட்ரிட்ஜ்தான். பிளேடு காலம் முடிந்துவிட்டது" என்றார். பெட்டிக்கு இவ்வளவு என்று ஸ்கீமும் சொன்னார். நான் பிளேடு எடுப்பதை நிறுத்திவிட்டு, முதலை அதில் போட்டேன். ஆறு மாதத்தில் கார்ட்ரிட்ஜ் பாதிக்கு மேல் அலமாரியில் முடங்கியது. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. சலூன்காரர்கள் பிளேடு வாங்க நகரிக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் பவுடர், படிகாரம், சோப்பு, துண்டு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கினார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வர எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

பிளேடு ஏன் அழியவில்லை என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1901இல் கம்பெனி தொடங்கினார். விற்பனை ஆரம்பித்த 1903ஆம் ஆண்டில் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். அடுத்த ஆண்டு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ரேசர் விலை 5 டாலர். அக்காலத்தில் அது பெரிய தொகை. அந்தக் காப்புரிமை 1921இல் முடிந்தது. நடுவில் நீளத் துளை உள்ள பிளேடு 1930 வாக்கில் வந்தது. இன்றும் அதே வடிவம்தான். ஆகையால் எந்தக் கம்பெனி பிளேடும் எந்த செட்டிலும் பொருந்தும். தாத்தாவின் செட்டில் இன்று வந்த பிளேடு உட்காருவது இதனால்தான். பல கம்பெனிகள் போட்டி போடுவதால் விலையும் கட்டுக்குள் நிற்கிறது.

கார்ட்ரிட்ஜ் அப்படி அல்ல. ஒரு கம்பெனியின் கைப்பிடியில் இன்னொரு கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் மாட்டாது. மூன்று பிளேடு வைத்த மாக் 3 ரகம் 1998இல் வந்தது. ஐந்து பிளேடு வைத்த ஃப்யூஷன் 2006இல் வந்தது. உயர்ந்த ரகங்களில் ஒரு கார்ட்ரிட்ஜ் நூறு ரூபாயைத் தாண்டுகிறது. சிறிய கடைக்காரர் இத்தனை ரகத்தையும் வாங்கி வைத்தால் முதல் முடங்கும். வைக்காவிட்டால் வாடிக்கையாளர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவார்.

அதற்காகப் புதிய ரகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்காக ஒரு ரேசர் தயாரித்தபோது, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே கொண்டுவந்தபோது முடி அடைத்துக்கொண்டது. காரணம், அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. நம் ஆட்கள் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சவரம் செய்கிறவர்கள். பிறகு கம்பெனி ஆட்கள் இங்கே வந்து, வீடுகளில் உட்கார்ந்து பார்த்து, கழுவ எளிதான ஒற்றை பிளேடு ரேசரைச் செய்தார்கள். 2010இல் வந்த ஜில்லெட் கார்ட் அதுதான். அப்போது ரேசர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். அது நன்றாக விற்றது.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வாடிக்கையாளரின் தண்ணீர்க் கிண்ணம் தெரியவில்லை. அது நமக்குத் தெரியும். கோடையில் எந்தத் தெருவில் தண்ணீர் இல்லை, யார் ஷிப்டு வேலைக்கு விடியற்காலை பஸ் பிடிக்கிறார், யாருக்குக் கை நடுங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் நாம். அதை வைத்துச் சரக்கைச் சொல்ல வேண்டும்.

என் அனுபவத்தில் சொல்கிறேன். கை நடுங்கும் பெரியவருக்கும், முதன்முதலில் சவரம் செய்யும் பையனுக்கும், அவசரத்தில் ஓடுகிறவருக்கும் கார்ட்ரிட்ஜ் நல்லது. வெட்டு விழுவது குறைவு. சர்க்கரை நோய் உள்ளவருக்கும் அதுவே பாதுகாப்பு. சுருட்டை முடிக்காரர் சிலருக்கு, பல பிளேடு ரேசரால் முடி தோலுக்குள் வளைந்து கொப்புளம் வரும். அவருக்கு ஒற்றை பிளேடு ஏற்றது. நிதானமாகச் செய்கிறவருக்கும் செலவு பார்க்கிறவருக்கும் பழைய செட்டும் பிளேடும்தான் லாபம். சலூன்காரருக்கோ வேறு வழியே இல்லை. பிளேடை இரண்டாக உடைத்துக் கத்தியில் மாட்டி, ஆளுக்குப் புதிது போட வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் மொட்டை போடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கார்ட்ரிட்ஜுக்கு என்ன வேலை?

பழைய செட்டைக் கொண்டுவந்து கேட்டால், மரை இறுகுகிறதா, மேல்தகடு வளையாமல் இருக்கிறதா, பிளேடு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வெந்நீரும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். பித்தளைக் குடம்போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும். புதிய செட்டுகளில் விலை குறைந்தவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கீழே விழுந்தால் மரை உடையலாம். அதை மறைக்காமல் சொல்லி விற்றால், செட் உடைந்து திரும்பி வரும்போது சண்டை இருக்காது.

இன்னொரு வேண்டுகோள். பழைய பிளேடைக் குப்பையில் போடுவதால் துப்புரவுத் தொழிலாளர் கையில் காயம் படுகிறது. காலித் தகர டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு, வாடிக்கையாளரிடம் சும்மா கொடுங்கள். நமக்கு அதில் செலவில்லை.

கார்ட்ரிட்ஜை இரண்டு ரகத்தோடு நிறுத்துங்கள். பிளேடில் மூன்று ரகம் வையுங்கள். வைக்க இடம் கையளவுதான், காலாவதியும் இல்லை. ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். சரக்கு இல்லாவிட்டால் "நாளைக்கு வாங்கி வைக்கிறேன், தம்பி" என்று சொல்லுங்கள். "வர்றதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பையன் நான்காவது கடையாக என்னிடம் வந்தான். நானும் இல்லையென்று சொல்லியிருந்தால் செல்போனில் ஆர்டர் போட்டிருப்பான். பிறகு சோப்பையும் எண்ணெயையும் அதிலேயே வாங்கப் பழகியிருப்பான்.

இது என் அனுபவக் கருத்து. மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் தவறாமல் எழுதுங்கள்.