அறுவடைக்கும் எடைமேடைக்கும் நடுவே

புறநானூற்றின் 35ஆம் பாடலைப் பாடம் சொல்லும்போதும் கேட்கும்போதும் நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவது, அதன் கீழே நிற்கும் குறிப்பை. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய வெள்ளைக்குடி நாகனார், யானையும் பொன்னும் பெற்றுத் திரும்பியதாக அக்குறிப்புக் கூறவில்லை. தம் நிலத்தின்மீது நின்ற பழைய வரிக்கடனை நீக்கிக்கொண்டு திரும்பினார் என்றே கூறுகின்றது. புலவர் ஒருவர் தம் புலமையை நிலவரி நிலுவைக்காகச் செலவிட்ட செய்தி இது. மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் காவலரைத்தான் பழிக்கும் என்பது அவர் மன்னன்முன் வைத்த வாதம். வானம் பொய்ப்பது, வயல் குன்றுவது என்னும் இவ்விரண்டு இடர்களோடு இன்றைய உழவருக்கு மூன்றாவது இடர் ஒன்றும் வாய்த்திருக்கிறது. நன்றாக விளைந்த பின்பு, அறுத்த பின்பு, விற்பதற்கென்று களத்துக்குக் கொண்டுவந்த பின்பு நேரும் இழப்பே அது. வேளாண்மை பற்றி மேடைகளில் பேசுவோர் முதலிரண்டையும் நிறையப் பேசுகின்றனர். மூன்றாவதைப் பேசுவோர் சிலரே.

நாம் கருதுவது காவிரிப் படுகையின் நெல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் விளையும் நெல், 1972இல் தோற்றுவிக்கப்பெற்ற தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வழியே அரசுக்குச் செல்கிறது. ஊர்ப்புறத்தே ஒரு களம், தூற்றும் இயந்திரம், எடைத்தராசு, ஈரப்பதம் காணும் சிறு கருவி, பட்டியல் எழுத்தர் ஒருவர், சுமைப்பணியாளர் சிலர். நிலையம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பல இடங்களில் கூரைகூட இல்லை. உழவர் நெல்லைக் குவித்து வைத்துக் காத்திருப்பார். முறை வந்ததும் தூற்றி, 40 கிலோ மூட்டைகளாகப் பிடித்து எடைபோடுவர். பணம் வங்கிக் கணக்கில் சேரும்.

இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகப் பழித்தல் தகாது. பீகார் மாநிலம் 2006இல் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தையே நீக்கிவிட்டது. அரசுக் கொள்முதலும் அங்கே வலுவாக இல்லாமையால், அறிவிக்கப்பட்ட ஆதரவு விலைக்குக் கீழே நெல்லை விற்கும் நிலை அம்மாநில உழவர் பலருக்கு வழக்கமாயிற்று. நம் படுகையில் விலை அவ்வாறு சரியாமல் நிற்பதற்குக் காரணம், ஊருக்கு ஊர் இந்த எளிய களங்கள் இருப்பதே. ஆகவே நம் குறை நிலையம் இருப்பதைப் பற்றியதன்று. அறுவடையின் வேகம் மாறியிருக்க, கொள்முதலின் வேகம் மாறாமல் இருப்பதே நம் குறை.

முன்பு கதிர் அரிவாளால் அறுத்தனர். அரி காய்ந்தது, கட்டாகிக் களத்துக்கு வந்தது, அடித்த பின்னரும் வைக்கோற்போரில் சில நாள் கிடந்து, பிறகே போரடித்தனர். ஓர் ஊரின் அறுவடை முடியப் பல வாரங்கள் ஆயின. அந்த நாள்களில் வெயிலும் காற்றும் கூலி கேளாமல் நெல்லை உலர்த்திக் கொடுத்தன. அக்காலத்தை நாம் புகழ்ந்து பாட வரவில்லை. குனிந்து அறுத்தவர்களின் முதுகெலும்பும், அவர்கள் பெற்ற கூலியின் அளவும் புகழ்ச்சிக்குரியன அல்ல. அவர்களுடைய மக்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள் என்றால் அதில் வியப்பில்லை. அந்த இடத்தில் அறுவடை இயந்திரம் வந்தது. அது நின்ற பயிரை அறுத்து, அடித்து, நெல்லாகவே கொட்டுகிறது. காயும் காலம் என்ற ஒன்று இடையிலிருந்து மறைந்துபோயிற்று.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்ததாகக் கொண்டால் 50 மூட்டை. இயந்திரம் ஒன்று மணிக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் அறுக்கும். இரண்டு இயந்திரங்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 20 ஏக்கர், அதாவது 1000 மூட்டை. கொள்முதல் நிலையம் ஒன்று நாளொன்றுக்கு எடைபோடுவதும் ஏறக்குறைய அவ்வளவே. பல நாள்களில் அதற்கும் குறைவு. நிலையத்துக்கு உட்பட்ட ஊர்களிலோ, அறுவடைக் காலத்தில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்த இயந்திரங்கள் பத்தும் பதினைந்துமாக ஓடுகின்றன. ஆகவே நான்கு நாளில் அறுத்த நெல்லை எடைபோட மூன்று, நான்கு வாரம் ஆவது எவருடைய சோம்பலாலும் அன்று. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பின்மேல் மழையும் வந்து பெய்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால், நூற்றைந்து முதல் நூற்றுப் பதினைந்து நாளில் முதிரும் குறுவை, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். நாட்டின் பிற பகுதிகளுக்குக் கொள்முதல் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்குவதாயினும், இக்காரணம் பற்றியே தமிழ்நாட்டுக்கு 2022 முதல் செப்டம்பர் முதல் நாளிலேயே தொடங்க இசைவு கிடைத்தது. நல்ல செயல். ஆயினும் 2025 அக்டோபரில் குறுவை நெல் நிலையங்களின் வாயிலில் நனைந்து முளைவிட்டதை நாடே கண்டது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது. அவ்வாண்டிலேயே காவிரியில் நீர் போதாமல் அக்டோபரில் அணை மூடப்பட்டதும், 2024இல் அணைத் திறப்பு ஜூலை 28 வரை தள்ளிப்போனதும் வேறு கதை. நீர் இல்லாத ஆண்டில் விளைவில் இழப்பு, நீர் நிறைந்த ஆண்டில் விற்பனையில் இழப்பு என்றால் உழவர் எந்த ஆண்டை வேண்டுவார்?

17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை வாங்கலாகாது என்பது விதி. அவ்விதியைக் கொடுமை என்று சொல்லமாட்டோம். ஈர நெல் மூட்டையில் வெந்து, பழுத்து, அரிசி மஞ்சளாகும். அதை நியாயவிலைக் கடையில் வாங்கி உண்பவரும் ஏழையே. ஆயினும் அடைமழையில், கூரையற்ற களத்தில், 22 விழுக்காட்டு நெல்லை 17க்குக் கொண்டுவருக என்றால் எவ்வாறு கொண்டுவருவது? அப்போதெல்லாம் மாநில அரசு தளர்வு கோரிக் கடிதம் எழுதும், தில்லியிலிருந்து குழு வரும், மாதிரி எடுத்துச் செல்லும், ஆய்வு நடக்கும். ஆணை வருவதற்குள் நெல் தானே காய்ந்திருக்கும், அன்றேல் நாற்றாகியிருக்கும். ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே மழை பெய்கின்றபோது, ஆண்டுதோறும் புதிதாகக் குழு வந்து வியந்து செல்வது எதற்கு என்பது எமக்கு விளங்கவில்லை.

வணிகர்கள் இந்த இடைவெளியை நன்கு அறிந்தவர்கள். ஈரத்தோடே வாங்கிக்கொள்கிறோம், கையில் பணம் தருகிறோம் என்று வயல் வரப்புக்கே வருகிறார்கள். 22 விழுக்காட்டு ஈரமுள்ள 100 கிலோ நெல், 17க்கு உலர்ந்தால் 94 கிலோவாகும். அந்த எடைக்குறைவுக்கு மேலும் கழித்துத்தான் அவர்கள் விலை சொல்வார்கள் என்பதை உழவரும் அறிவார். அறிந்தே விற்கிறார். குறுவைப் பணம் வந்தால்தான் தாளடிக்கு உழவும் நடவும் நடக்கும். அடகிலிருக்கும் நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

விலையைப் பற்றியும் சில சொல்லவேண்டும். 2025-26ஆம் பருவத்துக்குச் சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2369 ரூபாய்; மாநில ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர 2500 ரூபாய் ஆயிற்று. 40 கிலோ மூட்டைக்கு ஆயிரம் ரூபாய். சாகுபடிச் செலவு குவிண்டாலுக்கு 1579 ரூபாய் என்றும், அதன்மேல் பாதி சேர்த்தே விலை வைத்ததாகவும் நடுவண் அரசு கணக்குக் காட்டியது. அது கைச்செலவும் குடும்ப உழைப்பும் மட்டும் சேர்ந்த கணக்கு. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் முதலீட்டின் வட்டியும் அதில் இல்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையேற்ற தேசிய உழவர் ஆணையம் 2006இல் தன் அறிக்கைகளை முடித்தளித்தது. செலவின்மேல் பாதி என்பது அதன் பரிந்துரை. எந்தச் செலவின்மேல் என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. நம் கருத்தில் அதைவிட அவசரமான வினா வேறொன்று. அந்த ஆயிரம் ரூபாய், எடைமேடையைத் தாண்டிய மூட்டைக்குத்தானே? களத்தில் முளைத்த மூட்டைக்கு விலையே இல்லை.

செலவுப் பக்கத்தில் உழவர் கைக்கு எட்டாத கயிறுகள் பல. பொட்டாசு உரத்துக்கு நாம் பெரிதும் அயல்நாடுகளையே நம்பியிருக்கிறோம். 2022இல் உக்ரைன் போர் மூண்டதும், ரஷியாவும் பெலாரசும் பெருமளவு விற்கும் அவ்வுரத்தின் விலை உலகச் சந்தையில் எகிற, அந்த உதை திருத்துறைப்பூண்டியில் உணரப்பட்டது. மூட்டை பிடிக்கும் சாக்கும் அப்படியே. உணவு தானியத்தைச் சணற்சாக்கில் நிரப்பவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு. 2020 ஊரடங்கில் வங்காளத்துச் சணலாலைகள் மூடப்பட்டபோது நாடெங்கும் கொள்முதலுக்குச் சாக்கில்லை. ஹூக்ளிக் கரையின் தறி நின்றால் காவிரிக் கரையின் தராசு நிற்கும்.

விலை ஏறும் காலத்திலாவது உழவருக்கு நலம் கிட்டுகிறதா எனில், அதுவும் ஐயமே. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 செப்டம்பர் இறுதியில்தான் நீங்கியது. நகரத்துச் சமையலறையைக் காப்பதற்கென்றே அத்தடை. அதில் நியாயம் இருக்கலாம். அரிசி விலை ஏறினால் முதலில் வயிறு சுருங்குபவர் கூலித்தொழிலாளரே. ஆனால் விலை இறங்கும்போது சந்தையின் இயல்பு என்றும், ஏறும்போது நாட்டின் நலன் என்றும் இருவேறு நியாயம் பேசப்படுகிறது. இரண்டுக்கும் ஈடு கொடுப்பவர் ஒருவரே.

காப்பீடு இருக்கிறதே என்பர். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அறுவடைக்குப் பின்னும் 14 நாள் வரை பொறுப்பேற்கிறது. ஆனால் எந்த நிலையில்? அறுத்து வயலிலே பரப்பி உலர்த்தும் கதிருக்குத்தான். இயந்திரம் அறுத்து நெல்லாகக் கொட்டி, நிலையத்தின் வாயிலில் குவித்து வைத்ததற்கு அப்பாதுகாப்பு இல்லை. அரிவாள் காலத்து அறுவடையை மனத்தில் கொண்டு எழுதிய விதி, இயந்திரக் காலத்தில் வெறும் எழுத்தாக நிற்கிறது. வயலை விட்டு வெளியேறிய நெல், அரசின் கிடங்குக்குள் நுழையும்வரை எவர் பொறுப்பிலும் இல்லை. எடைபோட்ட மறுகணம் அது அரசின் உடைமை. அதற்குத் தார்ப்பாய் உண்டு, காவல் உண்டு, கணக்கும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் கூடுதலாக நசுங்குபவர் குத்தகைதாரர். 1955, 1956ஆம் ஆண்டுகளின் குத்தகைச் சட்டங்களைப் போராடிப் பெற்ற மண் தஞ்சை. ஆயினும் இன்று வாய்மொழிக் குத்தகையே மிகுதி. விற்பனைக்குச் சான்று வேண்டும், காப்பீட்டுக்குச் சான்று வேண்டும், நிவாரணத்துக்கும் சான்று வேண்டும். சான்றோ நிலவுடைமையாளர் பெயரில் இருக்கும். 2023இல் பாதிப்புக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தபோதும், அது உழுதவர் கைக்குச் சென்றதா, பட்டாவில் பெயருள்ளவர் கணக்குக்குச் சென்றதா என்பது ஊருக்கு ஊர் மாறுபடும். மூட்டைக் கணக்கில் பேசிய குத்தகை மட்டும் மழைக்காகக் குறைவதில்லை.

நாம் தமிழ் கற்பிப்போரும் கற்போருமே. பொறியாளரோ பொருளியலாரோ அல்லோம். ஆயினும் சில செயல்கள் நம் போன்றோர்க்கும் புலனாகின்றன. நெல்லை உலர்த்தும் இயந்திரம் புதுக் கண்டுபிடிப்பன்று, ஆலைகளில் இருக்கிறது. அது நிலையத்துக்கு நிலையம், வேண்டின் வண்டியில் ஏற்றியேனும், உழவர் பக்கத்துக்கு வரவேண்டும். எந்த ஊரில் எத்தனை ஏக்கர் குறுவை நட்டார்கள் என்பது ஜூலையிலேயே வேளாண்மைத் துறையின் ஏட்டில் இருக்கும். விதைத்த நாளோடு நூற்றுப்பத்து நாளைக் கூட்டினால் எந்த வாரத்தில் எத்தனை மூட்டை வரும் என்பது தெரிந்துபோகும். சாக்கையும் லாரியையும் கூடுதல் தராசையும் ஆகஸ்டிலேயே கேட்டு வைக்கலாம். நெல் களத்துக்கு வந்த அன்றே ஈரம் பார்த்து, எடையும் குறித்து ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டால், அதன்பின் பெய்யும் மழைக்கு அந்தச் சீட்டைக் கொடுத்தவரே பொறுப்பாவார். இன்று கொடுக்கப்படும் சீட்டில் வரிசை எண் மட்டுமே இருக்கிறது.