பர்மிங்காமின் தண்ணீர்க் கணக்கு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் என்றதும் பலருக்குத் தொழிற்சாலைகள்தாம் நினைவுக்கு வரும். எனக்கோ, அந்நகராட்சி தண்ணீர் பற்றி எடுத்த முடிவே பெரிதாகத் தோன்றுகிறது.

1873-இல் மேயரான ஜோசப் சேம்பர்லேன் திருகாணி உற்பத்தியில் பொருள் ஈட்டியவர். அப்போது எரிவாயுவும் குடிநீரும் தனியார் கையில் இருந்தன. ஏழைகள் பலர் கழிவு கலந்த கிணற்று நீரைக் குடித்து நோயுற்றனர். நகராட்சி 1875-இல் இரண்டு எரிவாயு நிறுவனங்களையும், அடுத்த ஆண்டு தண்ணீர் நிறுவனத்தையும் விலைக்கு வாங்கியது. எரிவாயுவில் கிடைத்த இலாபம் நகர மேம்பாட்டுக்கு உதவியது. தண்ணீரில் மட்டும் இலாபம் பார்க்கக்கூடாது, மிச்சமாகும் பணத்தைக் கொண்டு கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்றார் சேம்பர்லேன். கைதேர்ந்த வணிகர் ஒருவரே இப்படிச் சொன்னார்! விளக்கில்லாமல் ஓரிரவைக் கழித்துவிடலாம். தண்ணீர் இல்லாமல் முடியுமா? அவர் செய்தது சரியே என்பேன்.

ஆனால், பின்னர் நடந்ததைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. நகரம் பெருகியதால், வேல்ஸ் நாட்டின் ஈலான் பள்ளத்தாக்கில் நகராட்சி அணைகளைக் கட்டியது. 1904 முதல், ஏறக்குறைய 118 கிலோமீட்டர் தூரத்தைத் தண்ணீர் இயந்திர உதவியின்றிச் சரிவிலேயே ஓடிக் கடந்தது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த சுமார் நூறு பேர் வெளியேற நேர்ந்தது. தேவாலயமும் பள்ளியும் நீரில் மூழ்கின. இழப்பீடு நில உரிமையாளர்களுக்கு மட்டுமே கிடைத்தது. தன் மக்களுக்காகத் தண்ணீர் இலாபத்தையே வேண்டாமென்ற நகராட்சி, அந்த நூறு பேருக்கு வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுத்திருக்கலாம். அவ்வளவு பெரிய திட்டத்தில் அது ஒரு செலவா?